செல்லசாமி பார்க்காத கொட்டகை

இந்த ஒரு வருடத்தில் செல்லசாமி பதினொரு படம் பார்த்திருக்கிறான். அதில் ஒன்றின் கதையைக் கேட்டாலும் அவனால் சொல்ல முடியாது. கண்டித் தியேட்டரில், மலிவு டிக்கெட்டுக்கான கலரி வாங்குப் பலகையில் போய் உட்காருகிறான். விளக்கை அணைக்கிறார்கள். திரையில் ஒருவன் வருகிறான், பாடுகிறான், அடிபடுகிறான், தாயின் மடியில் விழுந்து அழுகிறான். விளக்கைப் போடுகிறார்கள். பக்கத்தில் இருந்தவன் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்திருக்கிறான். இவன் பேராதனைக்குக் கடைசி பஸ் போய்விட்டதா என்று பார்க்கிறான். அவ்வளவுதான் படம்.

யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று தெரிந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வட்டவளைக்கு மேலே கல்லுப்பாலத் தோட்டத்துக்குப் போய், எட்டாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தான் என்றால், திங்கட்கிழமை சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கூட்டம் கூடிவிடும். படம் மூன்று மணி நேரம். இவன் சொல்வது நான்கு மணி நேரம். வில்லன் சிரிப்பு வேறு, கதாநாயகி விம்மல் வேறு, குதிரை ஓடுகிற சத்தம் வேறு. குடம் நிரம்பி வழிந்து ஓடும், எடுக்க ஆள் இருக்காது. ஒருமுறை வேலாயி என்கிற பெண், "ஏன்டா, நீ சொன்ன அந்தத் தீப்புடிக்கிற சீனு படத்துல வரவே இல்லியே" என்று சண்டைக்கு வந்தாள். "அக்கா, நீங்க பாத்தது வெட்டுன படம்" என்றான் பாவி. அவள் அதையும் நம்பினாள்.

அப்படிப்பட்ட வாய் இப்போது மூடிக் கிடக்கிறது. நெடுநேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்த கால் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரிகிறது. வலிக்கிறதா என்றால் இல்லை. இது எங்கிருந்து தொடங்கியது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். போன சித்திரை லீவில் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியின் அடியில் ஒரு சஞ்சிகையை வைத்துக் கொண்டுவந்தானே, அங்கிருந்து.

அதற்கு முன்னால் வீட்டைச் சொல்லிவிட வேண்டும். அப்பா பொன்னையா. தேயிலை பெக்டரியில் முப்பத்தொன்பது வருட வேலை. அம்மா அம்மாக்கண்ணு, முழங்கால் போய்விட்டதால் இரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கப் போவதில்லை. பிள்ளைகள் நான்கு பிறந்து, இவன் ஒருவன் தங்கினான். தங்கியவன் படித்தான். படித்தவன் தோட்டப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, ஹட்டனைத் தாண்டி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டான். அந்த மலையில் அப்படி வேறு யாரும் போனதில்லை. பொன்னையா அதன்பிறகு லயத்து வாசலில் நடக்கும்போதே ஒரு விரற்கடை உயரமாய்த்தான் நடந்தார்.

பொன்னையா பிறந்தது லிந்துலைப் பக்கம். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்து முசிறியிலிருந்து வந்தவர். ஆனால் பொன்னையா முசிறியையும் பார்த்ததில்லை, நடுவில் கிடக்கிற கடலையும் பார்த்ததில்லை. இருந்தாலும் நாட்டில் சட்டம் வந்தது: இன்னார் இந்த நாட்டுக்காரர் என்று சொல்ல ஒரு சீட்டு வேண்டும். ஐம்பத்தோராம் ஆண்டில் அவரும் மனுப் போட்டார். தன் பெயர், மனைவி பெயர், பன்னிரண்டு வயது மகன் பெயர், மூன்றும் ஒரே மனுவில். மூன்று பேரும் இடைவெளி இல்லாமல் இந்த நாட்டிலேயே இருந்தவர்கள் என்று காட்ட வேண்டும். ஒருவர் பிசகினால் மூவரும் பிசகு. போட்ட மனு ஒன்பது வருடம் தூங்கியது.

அதுவரை பொன்னையா சும்மா இருக்கவில்லை, காகிதம் சேர்த்தார். தோட்டத்துச் சனங்களுக்கு இது ஒரு வழக்கம், யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எழுத்து விழுந்த காகிதம் எதுவும் வெளியே போகாது. எந்தத் துண்டை எந்தத் துரை எப்போது கேட்பான் என்று யாருக்குத் தெரியும்? பிறப்புப் பதிந்த துண்டு, அம்மை குத்திய துண்டு, அரிசிக் கூப்பன், பழைய துரை எழுதிக் கொடுத்த கடுதாசி, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் தகரப்பெட்டிக்குள். செல்லசாமி படம் பார்த்த இடத்தில் வாங்கிய பாட்டுப் புத்தகங்கள்கூட அதற்குள் கிடந்தன. "இது எதுக்குப்பா?" என்று கேட்டால், "கெடக்கட்டும், அதுலயும் எழுத்து இருக்குல்ல?" என்பார். வாசிக்கத் தெரியாத மனிதர். கையெழுத்து மட்டும் போடுவார்.

அந்தச் சீட்டு கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெளிவாக இருந்தது. வருகிற தை மாதம் வேலையிலிருந்து நிற்க வேண்டும். வீட்டில் பெயர் பதிந்து வேலை செய்கிற ஆள் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த காம்பிராவை, குடியிருக்கிற அந்த லயத்து அறையை, காலி செய்து கொடுக்க வேண்டும். வட்டவளைக் கடைவீதியில் ஸுஹைர் முதலாளி, தன் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த ஒரு துண்டு நிலத்தைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். "பொன்னையாண்ணன், சீட்டு வரட்டும். சீட்டு இல்லாம உங்க பேருல எழுதப் போனா பின்னாடி ஒங்களுக்கும் கரச்சல், எனக்கும் கரச்சல்" என்று நேராகவே சொன்னார். ஆகச் சீட்டு வந்தால் ஒரு வீடு. வராவிட்டால் கிழவனும் கிழவியும் எங்கே போய் நிற்பது?

இனி அந்தச் சஞ்சிகை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயால் கெட்டதோடு நிற்காமல் பேனாவாலும் கெட்டான்.

முதல் வருடத்தில் ஒரு நாள், விடுதிச் சாப்பாட்டு மேசையில் சினிமாப் பேச்சு. செல்லசாமி வழக்கம்போல் ஒரு படத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். எதிரே இருந்த பருத்தித்துறைப் பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான்.

"உது இப்பத்தானோ உங்கட தோட்டப் பக்கம் வந்தது? நாங்கள் போன லீவுக்கே வள்ளத்திலை அங்காலை போய், திருச்சியிலை பாத்திட்டு வந்திட்டம். மலையிலை இருக்கிற ஆக்களுக்கு உதெல்லாம் எங்கை தெரியப் போகுது?"

மேசை முழுக்கச் சிரிப்பு. ஒரு கேலிதான், வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் சினிமா விஷயத்தில் இன்னொருவன் தன்னை மிஞ்சுவதா?

"திருச்சியா? நான் ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன்" என்றான் செல்லசாமி. "ஏழு வயசுலேருந்து ஒம்பது வயசு வரைக்கும். மாமா வீட்டுல. நாங்க பாக்காத கொட்டகையா?"

சொன்னதும் மேசை அடங்கியது. அந்த அடக்கம் அவனுக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா! ஏழிலிருந்து ஒன்பது என்பது ஏன் வாயில் வந்தது என்றால், அந்த இரண்டு வருடமும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரே இல்லை. இருந்தவர் செத்துப்போய், அடுத்தவர் வரும்வரை கதவைப் பூட்டிவிட்டார்கள். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவதும் விறகு பொறுக்குவதுமாய் அந்தக் காலம் வெறுமையாகப் போயிற்று. அந்த வெறுமைக்குள்தான் ஒரு திருச்சியைக் கொண்டுவந்து வைத்தான்.

அன்ஸார் என்று ஒரு சிநேகிதன், ஹட்டன்காரன், சஞ்சிகைக்கு அவன்தான் ஆசிரியர். "டேய், நீ இத எங்கிட்ட சொல்லவே இல்லியே! சும்மா பேசிட்டுத் திரியாம எழுதிக் குடு" என்று பிடித்துக்கொண்டான். இல்லை, அது பொய் என்று அப்போதாவது சொன்னானா? எழுதினான். நான்கு பக்கம், 'கொட்டகை மணல்' என்று தலைப்பு. காவிரிக்கரை, மாமா வீடு, பொழுது சாய்ந்ததும் டென்டுக் கொட்டகையில் போடுகிற இசைத்தட்டு, அது கேட்டதும் ஓடுகிற ஓட்டம். தரை டிக்கெட்டுக்குப் போனால் மணலில்தான் உட்கார வேண்டும். முன்னால் இருக்கிறவன் தலை மறைக்கிறது என்று ஒரு சிறுவன் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருகிறான். பின்னால் இருக்கிறவர் அவன் காதைத் திருகுகிறார். கடைசியில் தூங்கிப்போன பிள்ளையை மாமா தோளில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போகிறார். பாதி, இந்தியாவுக்குப் போய்வந்த ஆட்கள் லயத்தில் சொன்னது. மீதி அவன் தலையில் முளைத்தது.

வாசித்த அத்தனை பேரும் மெச்சினார்கள். அந்தப் பருத்தித்துறைப் பையனே வந்து, "நாங்கள் போய்ப் பாத்தும் இப்பிடி எழுத வரேல்லை" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். செல்லசாமிக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சூட்டோடுதான் சித்திரை லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தான். பொன்னையா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாங்கினார். "எங்க ஓம் பேரு?" என்று கேட்டார். இவன் காட்டினான். விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

"படிச்சுக் காட்டேன் தம்பி" என்றாள் அம்மா.

"அது கஷ்டமான தமிழும்மா, ஒங்களுக்கு வெளங்காது. சினிமாவப் பத்தி" என்று சொல்லிவிட்டான். "அதானே பாத்தேன், வேற எதப்பத்தி எழுதப் போற?" என்று அவளும் சிரித்துவிட்டு அடுப்புக்குப் போனாள். சஞ்சிகை தகரப்பெட்டிக்குள் போயிற்று. நீல அட்டை.

ஆவணியில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. ஹட்டனில் ஒரு மண்டபம். இவனும் லீவு கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்று காலை வட்டவளை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது அப்பா மடியில் வைத்திருந்த காகிதக்கட்டைப் பார்த்தான். வாழைநாரால் கட்டியிருந்தார். கட்டின் நடுவில் நீல அட்டையின் ஓரம் தெரிந்தது.

எடுத்திருக்கலாம். "அப்பா, இது வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லி உருவியிருக்கலாம். ஆனால் "ஏம்ப்பா?" என்று அவர் கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கட்டில் அம்மை குத்திய துண்டிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டுவரை இருக்கிறது, அதற்குள் இதை யார் தேடிப் பிடித்து வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ரயில் வந்தது. ஏறினார்கள். இந்த வருடம் முழுவதும் அவன் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அந்த ஸ்டேஷன்தான்.

விசாரணை நன்றாகத்தான் நடந்தது. கெட்ட மனிதர் இல்லை அந்த அதிகாரி. நடுவயது, மூக்குக் கண்ணாடி, சளி பிடித்து அடிக்கடி தும்மிக்கொண்டிருந்தார். அவர் இங்கிலீசில் கேட்பதை யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழில் சொன்னார். எங்கே பிறந்தீர், எந்தெந்தத் தோட்டம், எத்தனை வருடம். பொன்னையா பாடம் ஒப்பிப்பது போல் சொன்னார்.

"நீர் எப்பவாவது இந்தியாவுக்குப் போனனீரோ?"

"இல்லீங்க. கடலப் பாத்ததே இல்லீங்க."

"பெண்சாதி?"

"பட்டிப்பொலயில பொறந்தவங்க. வாக்கப்பட்டு இங்க வந்தது. வேற எங்கயும் போகலீங்க."

"மகன்?"

"பேராதெனிக்குப் போனதுதாங்க தூரம்."

அதிகாரி சிரித்துவிட்டார். மகனைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்று அன்பாக விசாரித்தார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். முடிந்த மாதிரிதான். இன்னும் இரண்டு நிமிடம் பொன்னையா சும்மா இருந்திருந்தால் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தலையாட்டல் அவருக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்துவிட்டது. யாரும் கேட்காமலே கட்டிலிருந்து நீல அட்டையை உருவி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இதும் இருக்குங்க தொர. நம்ம மவன் எழுதுனதுங்க. அச்சுல பேரு போட்டிருக்குங்க."

செல்லசாமிக்கு அந்த நேரத்தில் எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. ஓடவில்லை, உட்கார்ந்திருந்தான். அதிகாரி அதை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, என்ன என்று பார்க்கச் சொன்னார். அவர் வாசிப்பில் ருசி உள்ளவர் போலிருக்கிறது. முதல் பக்கத்திலேயே முகம் மலர்ந்தது. "நல்ல எழுத்து, தம்பி" என்றார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே சிரிப்பு நின்றது. நிமிர்ந்து செல்லசாமியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கடமை அவருக்கு. ஏழு வயதிலிருந்து ஒன்பது வயதுவரை திருச்சியில் என்று எழுதியிருந்த வரியை இங்கிலீசில் அதிகாரிக்குச் சொன்னார்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேரே செல்லசாமியிடம் இங்கிலீசில் கேட்டார். இது உண்மையா?

"உண்மை இல்லை, ஐயா. நான் போனதே இல்லை. கற்பனை."

"அப்படியானால் ஏன் எழுதினாய்?"

எவ்வளவோ பேசத் தெரிந்தவன். அன்று வாய்க்கு வந்தது உண்மை ஒன்றுதான். மற்ற மாணவர்கள் போய்வந்தவர்கள், நான் தோட்டத்தைத் தாண்டாதவன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது என்றான். இங்கிலீசில்தான் சொன்னான். அப்பாவுக்கு விளங்காது என்று ஒரு நிம்மதிகூட இருந்தது. ஆனால் மனுக்காரருக்கு விளங்காத பேச்சு எதுவும் அந்த மேசையில் நடக்கக் கூடாதாம். மொழிபெயர்ப்பாளர் திரும்பி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பொன்னையா, உம்மட மகன் சொல்லுறார், தோட்டத்துப் பிள்ளை எண்டு சொல்ல வெக்கமாய் இருந்ததாம். அதாலை இந்தியாவிலை இருந்தவன் எண்டு பொய்யாய் எழுதினவராம்."

பொன்னையா மகன் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியைப் பார்த்து, "அவன் சொல்றது சரிதாங்க தொர. நாங்க எங்கயும் போகலீங்க" என்றார்.

அந்த வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்ததாகப் பெயர் குறித்த இடாப்பு இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. அந்த இரண்டு வருடத்துக்கு இடாப்பு ஏது? கங்காணி வந்து சாட்சி சொன்னார். தலைக்குத் தலை எல்லாக் கங்காணியும் சொல்கிற அதே சாட்சி. அதிகாரி கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மீதிப் பக்கங்களையும் மொழிபெயர்ப்பாளரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, சஞ்சிகையைக் காட்டி, கோபமில்லாமல்தான் சொன்னார்: "நானும் படம் பார்க்கிறவன். மணலைக் குவித்து உட்காருகிற பையன், பின்னால் இருந்து காதைத் திருகுகிற ஆள். அங்கே உட்காராதவன் இதை எழுத முடியாது."

ஒரு எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு உண்டா? சொல்லுங்கள் பார்ப்போம். ஹட்டன் தியேட்டரில் உயரம் பற்றாமல் கம்பளியை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்ததற்குக் காதைத் திருகு வாங்கியவன் அவன். கம்பளியை எடுத்துவிட்டு மணலை வைத்தான், அவ்வளவுதான். அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தான். கேட்பதற்கே பொய் போல இருந்தது. சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் உள்ளே எதுவோ அணைந்தது, பிறகு ஏற்றவே முடியவில்லை.

திரும்பி வரும்போது பொன்னையா ஸ்டேஷனில் இரண்டு வடை வாங்கி ஒன்றை இவன் கையில் கொடுத்தார். இவனுக்குத் தொண்டையில் இறங்காது என்று நினைப்பீர்கள். சாப்பிட்டான். முழுதும் சாப்பிட்டான். பசித்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஓடிவந்து கேட்டாள். "வர்றது கஷ்டம் போலருக்கு புள்ள" என்று மட்டும் சொன்னார் அப்பா. ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்துச் செல்லசாமியே அம்மாவிடம் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, "அதுக்கு இப்ப என்ன பண்றது?" என்றாள்.

இரண்டு பேரில் ஒருவராவது ஒரு அறை அறைந்திருக்கலாம். ஒரு வசவு வைதிருக்கலாம். லயத்தில் பக்கத்துக் காம்பிராக்களில் எல்லாம் ஒன்றுமில்லாததற்கு நாள் முழுக்க வைகிறார்கள். இந்த வீட்டில் மட்டும் சத்தமே இல்லை.

கார்த்திகையில் பதிவுத் தபால் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அன்ஸார் வந்து நின்றான். தன் வாப்பாவுக்குத் தெரிந்த புரொக்டர் இருக்கிறார் என்றான். அவனுக்கு ஒரு குற்ற உணர்ச்சி, எழுதச் சொன்னவன் அவன்தானே. பொன்னையா அவனைத் தட்டிக் கொடுத்தார். "வேணாம் தம்பி. எந்தக் கோட்டுக்குப் போனாலும் அந்தப் பொஸ்தகமும் கூடத்தானே வரும்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

தை மாதம் வேலை நின்றது. ஸுஹைர் முதலாளி வந்து, அந்தத் துண்டு நிலத்தை இனி எழுத வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். காம்பிராவுக்குச் சித்திரை முடிய மட்டும் தவணை. பொன்னையா ஒருநாள் கண்டிக்குப் போய் இந்தியப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரையும் கலந்து பேசவில்லை. "இங்க இல்லேன்னு எழுதிட்டான். எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கோம்னு எழுதணும்ல" என்றார். செல்லசாமி படிப்பு முடியும்வரை இங்கே இருப்பதென்றும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வதென்றும் ஆயிற்று. அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் அவன் பரீட்சை எழுதினான். தேறினான். நல்ல புள்ளிதான். பலகையில் பெயரைப் பார்த்தவன், அது வேறு யாரோ என்பது போல் நடந்து போய்விட்டான். மாதம் ஒரு படம் போல் போய் உட்கார்ந்தான். படத்துக்குப் போகாவிட்டால் அன்ஸார் கவலைப்படுகிறான், அதற்காகவே போனான்.

இப்போது மறுபடி சித்திரை. லீவு முடிந்து நாளைக் காலை பேராதனைக்குத் திரும்ப வேண்டும். அப்பாவும் அம்மாவும் மாதக் கடைசியில் தலைமன்னாருக்கு ரயிலேறுகிறார்கள். சாயங்காலம், அடுப்பில் ரொட்டி கிடக்கிறது. பொன்னையா வாசற்படியில் உட்கார்ந்து, சட்டி பானை போட்ட சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே காம்பிரா பாதி காலியாகிவிட்டது. அம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தகரப்பெட்டியைத் திறந்து அந்தச் சஞ்சிகையை எடுத்து வந்தாள். ஹட்டனிலிருந்து மற்றக் காகிதங்களோடு அதையும் ஒழுங்காகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, இதக் கொஞ்சம் படிச்சுக் காட்டு."

"அது எதுக்கும்மா இப்ப? அது பொய்யி."

"பொய்யோ மெய்யோ. நாங்க போற ஊரப் பத்தி நம்ம வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதானே" என்றாள். "கஷ்டமா இருந்தாலும் வெளங்குற மட்டுக்கும் கேக்குறேன். படி."

அவன் வாங்கிக்கொண்டான். கதவோரம் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்து வாசித்தான். ஒரு காலத்தில் வில்லன் சிரிப்பெல்லாம் சிரித்த குரல், இப்போது பெயர்ப்பட்டியல் வாசிப்பது போல் வாசித்தது. காவிரிக்கரை வந்தது. அம்மா நிறுத்தினாள்.

"அந்த ஆத்துல எல்லா மாசமும் தண்ணி ஓடுமா?"

"தெரியலம்மா."

"நீ எழுதலியா?"

"எழுதல."

மாமா வீடு வந்தது. மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி.

"அந்தம்மா எப்படி, நல்ல மாதிரியா? நம்மள உள்ள சேத்துக்குவாங்களா?"

"அம்மா, அப்படி ஒரு மாமாவே இல்லம்மா."

"ஆமால்ல" என்றாள் அம்மாக்கண்ணு. அடுப்பில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "எதோ நெனப்புல கேட்டுட்டேன். மேல படி."

வாசற்படியில் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த பொன்னையா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அவன ஏன் புள்ள போட்டுக் கேக்குற? அவன் என்ன பண்ணுவான், பாத்திருந்தாத்தானே தெரியும்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். அந்த ஆவணிக்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி அவனிடம் நேராக அவர் பேசுவது இதுதான் முதல் தடவை.

"நாங்க போய்ப் பாத்துட்டு, எப்படி இருக்குன்னு யாரையாச்சும் புடிச்சு எல்லாத்தையும் வெவரமா எழுதிப் போடச் சொல்றேன் தம்பி. ஆத்துல தண்ணி ஓடுதா, கொட்டகையில மணலு கெடக்கா, எல்லாம். அடுத்த வாட்டி எழுதறப்ப ஒனக்குக் கஷ்டம் இருக்காது, சரியா எழுதலாம்."

கேலியா என்று முகத்தைப் பார்த்தான். இல்லை. அந்த மனிதர் மெய்யாகவே மகனுக்கு ஒரு உதவி செய்வதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றான் செல்லசாமி.